இமை கொட்டாதவர்

குத்து வரும்போது நான் கண்ணை மூடிவிடுவேன். இரண்டு வருஷம் பழகியும் அந்தக் குறை என்னை விட்டுப் போகவில்லை. காலை மாற்றி வைக்கக் கற்றுக்கொண்டேன். தோளைத் திருப்பிக் குத்தக் கற்றுக்கொண்டேன். மூச்சை எப்போது விட வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் எதிராளியின் கை முகத்துக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்ததும் இமைகள் தாமாகவே விழுந்துவிடும். மறுபடி திறக்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியன். உபதேசியாரின் மகன், வயது இருபத்திரண்டு, தமிழும் கணக்கும் எடுத்தேன். எங்கள் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் பாதிரியார் வந்து சேர்ந்தார். கல்லூரி நாட்களில் குத்துச்சண்டை போட்டவர். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வந்த அவருடைய பெட்டிகளில் வேத வியாக்கியானங்களுக்கு நடுவே நான்கு ஜோடித் தோல் கையுறைகளும் இருந்தன. சாயங்காலம் பள்ளி விட்டதும் வாகை மரத்தடியில் நான்கு கழிகளை ஊன்றிக் கயிறு கட்டுவார். ஆசிரியர்களும் பெரிய வகுப்பு மாணவர்களுமாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். பன்னிரண்டு பேரில் நான்தான் முதல் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

பாதிரியார் தமிழை வேதப் புத்தகத்திலிருந்து படித்தவர். "உன் இமை உனக்குச் சத்துருவாயிருக்கிறது" என்று என்னிடம் சொல்லுவார். சிரிப்பு வரும், வலிக்கவும் செய்யும்.

ஓய்வு நேரத்தில் பழைய குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றிச் சொல்லுவார். அவருடைய தேசத்தில் ஒரு காலத்தில் கையுறையே கிடையாது, வெறுங்கைதான். அதில் ஒருவருக்குக் கைமுட்டி பிறவியிலேயே கல். எத்தனை தாடையில் இடித்தாலும் உடையாது. இன்னொருவருக்குக் கழுத்து தலையளவுக்குக் கனம், அடித்தவன் கைதான் நோகும். குள்ளமான ஒருவருக்கு ஒரு முழம் உயர்ந்தவனுக்கு இருக்க வேண்டிய கைகள். வேறொருவருக்கு நெஞ்சு மிக மெதுவாக அடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் சண்டை போட்ட பிறகும் இப்போதுதான் கோயிலிலிருந்து வந்தவர்போல நிற்பாராம்.

"இப்ப ஒலகத்துலயே பெரிய ஆளு யாரு அய்யா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

பாதிரியார் ஒரு கையுறையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு, "ஒரு கறுப்பர். எதிரியின் அடியை ஆகாயத்திலேயே உள்ளங்கையால் பிடித்துக்கொள்ளுகிறார் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள்" என்றார். மாணவர்கள் கைதட்டிய தட்டில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. பாதிரியாரும் கடைசியில் சேர்ந்து தட்டினார்.

ஆனால் ஒவ்வொரு கதையையும் அவர் ஒரே பேச்சில்தான் முடிப்பார். "பயிற்சி உள்ளதைக் கூர்மையாக்கும். இல்லாததை உண்டாக்காது." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். உழைத்தால் எதுவும் வரும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறவன் நான்.

எங்கள் விடுதித் துணிகளை வெளுக்கிறவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கொக்கிரகுளத்துக்குக் கீழே ஆற்றில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு துறை உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கழுதையில் பொதி ஏற்றி வருவார். ஒல்லியான ஆள். கைகள் மட்டும் நீளம். நிமிர்ந்து நின்றால் விரல் முழங்காலைத் தொடும். நான் அவரிடம் எண்ணி எண்ணி வேட்டி வாங்கியிருக்கிறேனே தவிர, முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மைதானத்தில் மாணவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளுக்கிறவர் கழுதையை மைதானத்தோரம் நிறுத்திவிட்டுப் பொதியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ ஓங்கி அடித்த பந்து நேராக அவர் முகத்துக்குப் போனது. "ஏலே, பந்து!" என்று கத்தினார்கள். அவர் பொதியைக் கீழே போடவில்லை, கையைத் தூக்கவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஒரு விரற்கடை சாய்த்தார். பந்து காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார்.

பாதிரியார் என் பக்கத்தில் நின்றிருந்தார். "அவன் இமைக்கவில்லை! நீ கண்டாயா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்.

அவரை மரத்தடிக்குக் கூட்டிவந்ததும் சோதனை தொடங்கியது. பாதிரியார் கைக்குட்டையைச் சுருட்டி முகத்தில் எறிந்தார். இமை அசையவில்லை. கையுறையை எறிந்தார். வெளுக்கிறவர் தலையை நகர்த்தினார், கண் திறந்தேயிருந்தது. பாதிரியார் கடைசியில் தம் முஷ்டியை மூக்கு நுனிவரை கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கண்கள் அமைதியாக முஷ்டியைப் பார்த்தன, பிறகு பாதிரியாரைப் பார்த்தன.

"என்ன அய்யா வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டார் அவர், பணிவாக.

தேவர்களுக்கு இமையவர் என்று ஒரு பெயர் உண்டு. கண் இமைக்காதவர்கள். வருஷந்தோறும் வகுப்பில் அதற்குப் பொருள் சொல்லுகிறவன் நான். இரண்டு வருஷமாக நான் தவம் கிடந்த அந்த ஒன்று, எங்கள் அழுக்குத் துணியைச் சுமந்துகொண்டு வாரந்தோறும் வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறது. சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். வயிறு எரிந்தது.

பாதிரியார் அவர் கையில் உறையை மாட்டி என்னோடு நிறுத்தினார். நான் என் வித்தை முழுவதையும் காட்டினேன். இடது, வலது, கீழே ஒன்று, மேலே ஒன்று. ஒன்றுகூட அவர்மேல் படவில்லை. அவர் கால்கள் கன்னாபின்னாவென்று நின்றன, கைகள் தொங்கின. தலை மட்டும் கொஞ்சம் அங்கன, கொஞ்சம் இங்கன. அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"நீயும் அடி" என்றார் பாதிரியார்.

"வேண்டாம் அய்யா."

"அடி. இது விளையாட்டு."

"அடிலே!" என்று நானும் கத்தினேன். சிரிப்பு என்னை அப்படிக் கத்த வைத்தது.

அவர் கை கிளம்பியது தெரிந்தது. வழக்கம்போல் கண்ணை மூடினேன். திறந்தபோது வாகை மரத்தின் உச்சி தெரிந்தது. வாயெல்லாம் ரத்தம். மூக்கின் எலும்பு விலகியிருந்தது. நான் எழுந்து உட்காருவதற்குள் அவர் உறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போனார். கழுதைகூட அங்கேயே நின்றது.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வேறு யாரோ வந்து துணியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் தாய்மாமா வீட்டுக்கு வந்தார்.

"துணி வெளுக்குதவன் வாத்தியார் மேல கை வச்சிருக்கான். பாத்துக்கிட்டா இருக்கே? ஒரு பிராது எழுதிக் குடு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"அடிக்கச் சொன்னது நாங்க மாமா."

"சொன்னா அடிச்சிருதா? எந்தக் கை எங்க படணும்னு ஒரு மொற இருக்குல்லா?"

"கயித்துக்குள்ள அந்த மொற கெடையாது மாமா."

அதைச் சொன்ன பிறகுதான் நானே அதைக் கேட்டேன். கயிற்றுக்குள் அந்த முறை கிடையாது என்றால், நான் ஏன் இரண்டு வாரமாக வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்? மாமா கோபத்தோடு குடையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை, மூக்கில் கட்டோடு நான் ஆற்றுக்கு நடந்தேன்.

தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. துறையில் வெள்ளாவிப் பானையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலளவு தண்ணீரில் நின்று ஒரு ஜமுக்காளத்தைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். ஓங்கும்போது அந்த நீளக் கைகள் மேலே போய் ஒரு கணம் நிற்கும், பிறகு மொத்த உடம்பும் சேர்ந்து இறங்கும். என்னைப் பார்த்ததும் துணியை விட்டுவிட்டுக் கரையேறி வந்து கைகட்டி நின்றார்.

"எதுக்கு அய்யா நீங்க இங்கன வந்திய? சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேம்லா."

"சொல்லி விட்டா நீரு வரமாட்டீரு வே. அதான் வந்தேன்."

எங்கள் பக்கத்தில் ‘நீரு’ என்றும் ‘வே’ என்றும் சமமானவர்களிடம்தான் பேசுவோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே மனிதரை நான் ‘லே’ என்று கூப்பிட்டேன். யோசித்து மாற்றவில்லை, அதுவாகவே வந்தது. என்னைப் படுக்க வைத்த மனிதரை ‘லே’ என்று கூப்பிட என் வாய் மறுத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

வெள்ளாவிப் பக்கமிருந்து அவருடைய தாயார் ஓடிவந்தார். "அய்யா, தெரியாம கை பட்டுட்டு. ஊர விட்டுப் போகச் சொல்லிராதிய. இந்தத் தொறைய விட்டா எங்களுக்கு வேற கதி இல்ல."

"அம்மா, அடிக்கச் சொன்னதே நாங்கதான். அதுவும் ஒங்க மகன் பைய அடிச்சாரு. பைய அடிச்சதுக்கே இது" என்று மூக்கைக் காட்டினேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரித்ததும் மூக்கு உயிர் போகிறமாதிரி வலித்தது.

நாங்கள் இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். அவர் முதலில் உட்காரவில்லை. நான் இரண்டு தடவை சொன்ன பிறகு கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தக் கண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"பொறந்ததுல இருந்தே இப்டித்தான் அய்யா. சும்மா இருக்கும்போது எல்லாரையும் மாதிரி இமைப்பேன். எதாவது மூஞ்சிக்கு வந்தா மட்டும் மூட மாட்டேங்குது. எங்க அத்தைக்கும் இப்டித்தான். சின்னப் புள்ளைல மீன்முழியன்னு கூப்புடுவாவ. கண்ணுல ஏதோ கோளாறுன்னு எங்கம்மா நேராத கோயில் இல்ல."

"கோளாறு இல்ல வே. கோடியில ஒருத்தருக்குத்தான் அது கெடைக்கும். நான் குத்தும்போது ஒமக்கு என்ன தெரியும்?"

அவர் என் வலது தோளைக் காட்டினார். "கை வாரதுக்கு முன்ன தோளு அசையும். ஒங்களுக்கு வலது தோளு மேல ஏறும். அதுக்கும் முன்ன வாய இறுக்குவிய. அதப் பாத்தாலே போதும், கை பொறப்பட்டு வந்துசேர நெறைய நேரம் இருக்கு."

நெறைய நேரம்! எனக்கு இருட்டாக இருந்த அந்த ஒரு கணம் அவருக்கு விசாலமான ஒரு வெளியாக இருந்திருக்கிறது. பொறாமை அன்றைக்குத்தான் என்னை விட்டது. விட்டது என்றால் முழுதாக இல்லை. ஆனால் அந்த வெளியில் இன்னும் என்னென்ன தெரியும் என்று கேட்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் திரும்பி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. "அடிக்க மட்டும் சொல்லாதிய அய்யா."

முதல் நாளே ஒரு சங்கடம். அவர் கழற்றிய உறைக்குள் கையை விட மாணவர்கள் தயங்கினார்கள். களக்காட்டிலிருந்து வந்த பெரிய பண்ணை வீட்டுப் பையன் ஒருவன், பதினைந்து வயது, வெளிப்படையாகவே சொன்னான். "எங்கய்யாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாவ சார்."

"உரித்த தோலுக்குள்தானே கையை விடப்போகிறாய், மகனே" என்றார் பாதிரியார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் அந்த உறைகளை வாங்கினேன். உள்ளே வியர்வையில் நனைந்து வெதுவெதுப்பாக இருந்தது. மாட்டிக்கொண்டு கயிற்றுக்குள் போனேன். அன்றைக்கு மூன்று பேர் விலகிப் போனார்கள், பிறகு வரவேயில்லை. களக்காட்டுப் பையன் போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை. ஒரு வாரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டாம் நாள் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினான். நான் உறையை மாட்டிவிட்டேன். அவனுக்கு ஒரு தடவையாவது அந்த முகத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. எங்கள் எல்லோருக்குமே அந்த வெறி இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில் பாலம் ஸ்டேஷனில் ரயில்வேக்காரர்களின் விளையாட்டு விழா வந்தது. குத்துச்சண்டையும் உண்டு. அவர்கள் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்தியர், இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். தோள் ஒவ்வொன்றும் பூசணிக்காய். வெளியூர்களிலெல்லாம் ஜெயித்தவர் என்று சொன்னார்கள். எதிர்த்து நிற்க ஆள் உண்டா என்று கேட்டபோது பாதிரியார் எங்கள் இமைக்காத ஆளின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

மூன்று சுற்று. கூட்ஸ் கொட்டகைக்கு முன்னால் நல்ல வெயில். ஸ்டேஷன் ஆட்களும் ஜட்கா வண்டிக்காரர்களும் ஆற்றங்கரை ஜனங்களுமாக ஏகக் கூட்டம். அவர் தாயார் தூரத்தில் ஒரு வண்டியின் மறைவில் நின்றிருந்தார்.

முதல் சுற்று முழுவதும் ஃபயர்மேன் காற்றைக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் எங்கள் ஆளின் தலை ஒரு விரற்கடை நகரும். கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. "ஏ அண்ணாச்சி, காத்துலயே துணி தொவைக்கீரு!" என்று ஃபயர்மேனைப் பார்த்து எவனோ கூவினான். இரண்டாம் சுற்றில் ஃபயர்மேன் புத்திசாலியாகிவிட்டார். முகத்தை விட்டுவிட்டு, கயிற்றோரம் நெருக்கி விலாவில் குத்தினார். நெருக்கத்தில் கண் என்ன செய்யும்? எங்கள் ஆள் வளைந்துபோனார். ஆனாலும் திருப்பி அடிக்கவில்லை.

மணி அடித்ததும் முக்காலியில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்தேன்.

"அடியும் வே."

"மூக்கு ஒடைஞ்சிருமே அய்யா."

"ஒடையட்டும். என் மூக்கு ஒடைஞ்சுதே, நான் சோறு திங்கலையா? பாடம் நடத்தலையா? ஒம்ம கூடவே வந்து நிக்கலையா?"

அவர் ஃபயர்மேனைப் பார்த்தார். "அவரு என்னை ஒண்ணும் செஞ்சிர மாட்டாரா? பெறவு?"

"பெறவு கை குலுக்குவாரு. அதான் இந்த வெளையாட்டு. நீரு அடிக்காம நிக்கீரு பாரும், அதத்தான் அவரு தாங்க மாட்டாரு."

மூன்றாம் சுற்றில் ஃபயர்மேன் மறுபடி நெருங்கி வந்தார். அந்த நீளக் கை புறப்பட்டது. ஓங்கவில்லை, நேராகத் தோளிலிருந்து கிளம்பியது. இந்தத் தடவை நான் கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தேன். என் முகத்துக்கு வராத குத்து ஆயிற்றே. ஃபயர்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஜனங்கள் கத்திய கத்தில் கூட்ஸ் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. அவர் எழுந்தார், தலையை உதறிக்கொண்டார், மறுபடி வந்தார். இன்னொரு தடவை உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அவரும் ஒரு வீரர்தான். மணி அடித்தது.

முதல் இரண்டு சுற்றில் எங்கள் ஆள் ஓர் அடிகூட அடிக்காததால் வெற்றி ஃபயர்மேனுக்கு என்று நடுவர் சொன்னார். நியாயம்தான். ஆனால் வெற்றி பெற்றவரே அதைக் காதில் வாங்கவில்லை. வீங்கிய கன்னத்தோடு நேராக எங்கள் முக்காலிக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தம் துண்டைச் சுருட்டி எங்கள் ஆளின் முகத்தில் எறிந்து பார்த்தார். இமை அசையவில்லை. மறுபடி எறிந்தார். "அட ராமா!" என்று தமிழிலேயே சத்தம் போட்டார். அவ்வளவுதான், ஸ்டேஷனே வரிசையில் வந்துவிட்டது. கார்டு தொப்பியை எறிந்தார், போர்ட்டர் சும்மாட்டை எறிந்தார். எங்கள் ஆள் வெட்கத்தில் சிரித்துக்கொண்டே நின்றார். வண்டி மறைவிலிருந்து அவர் தாயாரும் வெளியே வந்து நின்று எல்லோரையும்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. பாதிரியார் கமிட்டியில் இரண்டு வருஷம் பேசினார். தேகப்பயிற்சிக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்றார். யார் என்று கேட்டார்கள், சொன்னார், மறுத்தார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி அதே ஆளைச் சொன்னார். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அவர் காலையில் துறையிலும் சாயங்காலம் மைதானத்திலும் இருந்தார். மாணவர்கள் முதலில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தார்கள். பிறகு ஒருவன் ‘மாஸ்டர்’ என்றான், அதுவே நிலைத்தது. கண் மூடுகிறவர்களுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "கைய பாக்காதிய. தோள மட்டும் பாருங்க. கண்ணு மூடுததுக்கு முன்னயே காலு நகந்திரணும்." எனக்கு அது பலித்தது. கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மூடும்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.

மதுரையில் பள்ளிகளுக்கான போட்டி ஒன்றுக்கு ஆறு பேரோடு போனோம். அவருக்கு அதுதான் முதல் ரயில் பயணம். காலை வண்டி. மணியாச்சி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார். கரிசல் காடும் பருத்தியும் ஓடுவதை அப்படி ஒரு ஆசையோடு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் "ஐயோ!" என்று தலையை உள்ளே இழுத்தார். இஞ்சினிலிருந்து பறந்து வந்த கரித்தூள் கண்ணுக்குள் போய்விட்டது. மற்றவர்களுக்கு இமை மூடியிருக்கும். அவருக்குத்தான் மூடாதே!

முதலில் எல்லோரும் பயந்தோம். பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். களக்காட்டுப் பையன் எழுந்தான். அப்போது அவன் எங்கள் அணிக்குத் தலைவன். தன் புதுத் துண்டின் நுனியைக் கூஜாத் தண்ணீரில் நனைத்தான். இடது கையால் அவர் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"அசையாதிய மாஸ்டர். மேல பாருங்க."

துணி நுனி கண்ணுக்குள் போவதை அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கரித்தூள் வந்தது. அவன் துண்டில் ஒரு கறுப்புப் புள்ளி. அவர் அதைப் பார்த்துவிட்டு, "குடும் தம்பி, நாள காலைல வெள்ளையா வாங்கிக்கிடலாம்" என்றார்.

"அது கெடக்கட்டும் மாஸ்டர்" என்றான் அவன்.

"அடுத்த ஸ்டேஷன் என்ன?" என்று கேட்டார் மாஸ்டர்.

"கோயில்பட்டி" என்றேன் நான்.

அவர் மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.